நாயனம் கேட்கிற கூட்டம்

கரூரில் பஸ் ஏறும்போது இரவு ஒன்பதரை. மாசக் கடைசி. ஏற்றுமதி ஆபீஸில் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஜன்னலோர இடம், வெளியே சன்னமான தூறல். மதியமே எங்கள் அத்தான் கும்பகோணத்திலிருந்து ஒரு பதிவு அனுப்பியிருந்தார். கூடவே ஒரே ஒரு வரி: "டி.என்.ஆர். தோடி. வேற வேலை பாத்துக்கிட்டே கேக்காதே மாப்ளே."

காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். முதலில் வந்தது இரைச்சல்தான், எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி. அதைக் கிழித்துக்கொண்டு நாயனம் எழுந்தது. எழுந்த வேகத்தில் என் நெஞ்சுக்கூட்டை உள்ளிருந்து யாரோ தட்டியது போல இருந்தது. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் அது, மூன்று நிமிஷம் சொச்சம். முடிந்ததும் மறுபடி வைத்தேன். மறுபடி. குளித்தலை பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழையும்போது எட்டாவது தடவை ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த வயதான அம்மா என் கையைத் தொட்டார். "என்னப்பா, வீட்ல ஏதும் சேதியா?" என்றார். அப்போதுதான் என் கன்னம் நனைந்திருப்பது எனக்கே தெரிந்தது. "இல்லம்மா, நாயனம் கேக்கிறேன்" என்று சொல்லி ஒரு பக்கத்து ஒயரைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்துக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பெட்டவாய்த்தலை வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது, "எங்க ஊர்ல சாமி புறப்பாட்டுக்கு இப்படித்தான் வாசிப்பாங்க. விடிய விடிய நிப்போம்" என்றார். அவர் யார், எந்த ஊர், தெரியாது. நான் முதன்முதலாக ஒருவரோடு பகிர்ந்துகொண்ட தோடி அதுதான்.

அதற்கு முன்னால் நாற்பது வருஷம் நாயனம் என் காதில் விழாத நாள் குறைவு. ரேடியோவில் காலை மங்கல இசை, கல்யாண மண்டபம், கோயில், காதுகுத்து. எல்லா இடத்திலும் அது இருந்தது. ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. திருச்சி வந்து சேர்ந்ததும் அத்தானுக்கு நடுராத்திரியில் பக்கம் பக்கமாக எழுதினேன். காலையில் எழுந்து பார்த்தால் கைபேசியில் ஒரு குழுவில் என்னைச் சேர்த்துவிட்டிருந்தார். அறுபது பேர் போல. நாயனமும் தவிலும் தவிர வேறு பேச்சே கிடையாது. காலை வணக்கம் கிடையாது, அரசியல் கிடையாது. ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரும் பேறுகளில் ஒன்று அந்தக் குழு என்று நான் யாரிடமும் சொல்வேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எதை அனுப்பினாலும் அது தன்னை எங்கே பிடித்தது என்று அனுப்புகிறவர் எழுத வேண்டும். "அருமை", "தெய்வீகம்" என்றெல்லாம் எழுதிவிட்டு நகர முடியாது. எந்த நிமிஷம், எந்த இடம், என்ன நடந்தது. கும்பகோணத்தில் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரை எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் எழுதுவது இப்படி இருக்கும்: "மூணாவது நிமிஷம். பஞ்சமத்தைத் தொடாமலே மேலே போறார். எப்ப தொடுவார்னு காத்திரு. காத்திருக்கிறதுதான் சுகம்." இப்படி ஒருவர் விரல் நீட்டிக் காட்டிவிட்டால் போதும், அதற்கப்புறம் அந்த இடத்தை நம் காது விடாது. பத்து வருஷம் தனியாகக் கேட்டிருந்தாலும் எனக்குப் பிடிபட்டிராதவை அந்த இரண்டு மூன்று வரிகளில் பிடிபட்டன.

தோடியைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஐயா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு மணி நேரம் பேசினார். "தம்பி, தோடிக்கு சுத்த மத்தியமம் வேணும். பழைய திமிரி நாயனம் குட்டை, சுருதி உசரம். அதுல அந்த மத்தியமம் தானா நிக்காது. உதட்டாலயும் மூச்சாலயும் இழுத்துப் பிடிக்கணும். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி அதைச் சரிபண்ணி நீளமான பாரி நாயனம் செஞ்சு குடுத்தார். ராஜரத்தினம் பிள்ளை கையில அது போச்சு. இப்ப நீ கேட்ட தோடி பொறந்தது அங்கதான்."

நான் சிலிர்த்துப்போனேன். பஸ்ஸில் என்னை அழ வைத்த ஒரு சுரத்துக்குப் பின்னால் ஒரு மரத்தச்சரின் கையும், துளை போட்ட அளவும் இருக்கிறது! திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1898-இல் பிறந்தவர், 1956 டிசம்பரில் மறைந்தவர். ஆதீன வித்துவான். 1940-இல் வந்த 'காளமேகம்' படத்தில் காளமேகப் புலவராக நடித்தவரும் அவர்தான். அவருடைய வாசிப்பில் வருகிற பிருகாக்களைக் கேட்டுத்தான் ஜி.என். பாலசுப்பிரமணியம் தன் பாட்டுக்கு வேகம் எடுத்துக்கொண்டார் என்று இசை உலகமே சொல்லும். ஜி.என்.பி.யை நான் முன்பே கேட்டிருக்கிறேன். இந்த உறவு தெரிந்த பிறகு அவரைக் கேட்டபோது குரலுக்குள்ளே நாயனம் ஒலித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அத்தானோடு நரசிங்கம்பேட்டைக்குப் போனேன். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற சாலையில், ஆடுதுறையைத் தாண்டினால் வந்துவிடும். தெருவில் கடைசல் சத்தம் கேட்டது. உள்ளே போனால் மரத்தூள் வாசனை மூக்கை நிறைத்தது. ஆச்சா மரத்தில்தான் நாயனம் செய்கிறார்கள். புது மரம் ஆகாது, பல பத்து வருஷம் காய்ந்த மரம் வேண்டும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற உத்திரத்தையும் தூணையும் தேடிப் போய் வாங்குகிறார்கள். ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் நூறு வருஷம் படுத்திருந்த உத்திரம் நாயனமாகிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

அங்கே இருந்த ஆசாரி கடைந்து முடித்த ஓர் உடலை என் கையில் கொடுத்தார். இரண்டரை அடிக்கு மேல் இருக்கும். நான் நினைத்ததைவிடக் கனம். விரலுக்கு ஏழு துளை. அதற்குக் கீழே சுருதி சேர்க்க இன்னும் ஐந்து. வேண்டியதை மெழுகால் அடைத்துக்கொள்வார்களாம். அவர் ஒரு துளைக்குள் சுண்டுவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார், எடுத்தார், ஊதிப் பார்த்தார், மறுபடி அரத்தால் ஓர் இழை இழைத்தார். அளவுகோல் எதையும் அவர் தொடவில்லை. "காது சொல்லுங்க" என்றார், அவ்வளவுதான். நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சான்றிதழைவிட அந்தச் சுண்டுவிரல் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

பக்கத்திலேயே திருவாவடுதுறை. அங்கே சீவாளி செய்கிறார்கள். ஆற்றங்கரையில் விளைகிற கொறுக்கைத் தட்டையை அறுத்துக் காய வைத்து, பதப்படுத்தி, மடித்து, நூல் கட்டிச் செய்கிற அந்தச் சின்னத் துண்டுதான் நாயனத்தின் வாய். செய்கிறவர் ஒன்றை நாக்கில் நனைத்து உதட்டில் வைத்து ஊதிக் காட்டினார். கிளி கத்துவது போலக் கீச்சென்று ஒரு சத்தம். கோயில் வாசலில் கச்சேரிக்கு முன்னால் வித்துவான்கள் சீவாளி பார்த்துக்கொள்ளும்போது கேட்குமே, அதே சத்தம். அவரிடம் கேட்டுக்கொண்டு அதைப் பன்னிரண்டு வினாடி பதிவு செய்து குழுவுக்கு அனுப்பினேன்.

டொரொண்டோவில் இருக்கிற இணுவில்காரர் ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. எனக்கு மூத்தவர், அண்ணா என்பேன். அவரிடமிருந்து உடனே பதில் வந்தது. "தம்பி, உந்தச் சத்தத்தைக் கேட்டவுடன நான் நல்லூர் வீதியில வந்து நிக்கிறன். பிள்ளையளைக் கூப்பிட்டுக் கேட்க வைச்சனான்." பன்னிரண்டு வினாடி! ராகம் இல்லை, தாளம் இல்லை. வெறும் சீவாளிச் சத்தம் ஒரு மனுஷனைக் கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அந்த அண்ணாதான் என்னைத் தவிலுக்குள் இழுத்தவர். "நீங்கள் நாயனத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இருக்கிறியள் தம்பி, அது காணாது" என்று சொல்லி யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியின் வாசிப்பை அனுப்பினார். தவில் என்றால் பெரிய சத்தம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து தெட்சிணாமூர்த்தியைக் கேளுங்கள். வலது கை விரல்களில் கெட்டியான கூடு, இடது கையில் பூவரசங் கழி. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் முணுமுணுக்கிறார், கெஞ்சுகிறார், திடீரென்று மழை மாதிரிக் கொட்டுகிறார். கொட்டி முடித்துச் சமத்தில் வந்து இறங்கும்போது நான் என்னை அறியாமல் தொடையைத் தட்டிவிடுகிறேன், ஆபீஸில் இருந்தாலும். 1975-இல் மறைந்தபோது அவருக்கு வயது நாற்பது சொச்சம்தான். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் தேசிய விருது பெற்றது. அதைப் பார்த்த கையோடு அண்ணா அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாயனத்தையும் அனுப்பினார். அந்த மாதம் முழுக்க நான் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தேன், கரூருக்கும் திருச்சிக்கும் பஸ்ஸில் போய்வந்தபடி.

காருகுறிச்சியாரைக் கொடுத்தது கோவில்பட்டியில் டாக்டராக இருக்கிற ஒரு தங்கை. 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனமும் ஆபேரியில் ஒன்றையொன்று துரத்துகிற அந்தப் பாட்டை 1962-இலிருந்து தமிழ்நாட்டில் கேட்காதவர் உண்டா? அதைப் பற்றி நான் ஆகா ஓகோ என்று எழுதியதும் அவர், "அண்ணா, தயவுசெஞ்சு அதோட நிறுத்திடாதீங்க. அது வாசல்தான். உள்ள வாங்க" என்று எழுதிவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒவ்வொரு ராகமாக அனுப்ப ஆரம்பித்தார். அவருடைய தாத்தா நேரில் கேட்டவராம். கோவில்பட்டியில் காருகுறிச்சியாருக்குச் சிலை இருக்கிறது. அந்த வழியாக டவுன் பஸ்ஸில் போகும்போதெல்லாம் தாத்தா செருப்பைக் கழற்றிவிடுவார் என்று அவர் எழுதியிருந்தார்.

ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சியார். குருவின் பிடிகள் அப்படியே இருக்கும். ஆனாலும் ஆள் வேறு. டி.என்.ஆர். தோடி கேட்டால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன். காருகுறிச்சியார் வாசித்தால் இருக்கிற இடத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு சுரத்தை அவர் விடுகிற விதம் இருக்கிறதே! தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இறக்கிவிட்டுக் கையை மெள்ள உருவிக்கொள்வார்களே, அப்படி விடுவார். 1964-இல் அவர் போனபோது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இன்னும் இருபது வருஷம் அவர் வாசித்திருக்க வேண்டும் என்று நினைக்கும்போது, பார்த்தே இராத ஒருவருக்காக நெஞ்சு வலிக்கிறது.

வாங்கிக்கொண்டே இருந்தால் போதுமா? என் பங்குக்கு நான் கொடுத்தது ஷேக் சின்ன மௌலானாவை. ஆந்திரத்தில் கரவதியில் 1924-இல் பிறந்தவர். பரம்பரை பரம்பரையாக நாயனம் வாசிக்கிற இஸ்லாமியக் குடும்பம். தஞ்சாவூர் பாணியின் மேல் கொண்ட மோகத்தால் இங்கே வந்து, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பாடம் கேட்டு, ஸ்ரீரங்கத்திலேயே வீடு பிடித்துத் தங்கிவிட்டார். 1998-இல் சங்கீத கலாநிதி, அதற்கு மறு வருஷம் மறைந்தார். என் அப்பா சித்திரை வீதியில் நின்று அவரைக் கேட்டவர். எனக்கு எட்டு வயது இருக்கும்போது அப்பா தோளில் உட்கார்ந்து நானும் கேட்டிருக்க வேண்டும். ஞாபகம் இருப்பதெல்லாம் தீவட்டி எண்ணெய் வாசனையும் அப்பாவின் தலைமயிரும்தான். மௌலானாவின் பதிவு ஒன்றை அனுப்பி, இந்த ஞாபகத்தையும் எழுதினேன். அன்று இரவு மட்டும் பதினேழு பேர் அவரவர் அப்பாவைப் பற்றி எழுதினார்கள். மௌலானாவின் சீடர்களான ஷேக் மகபூப் சுபானி, காலிஷாபி மகபூப் தம்பதிக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் குழுவில் கல்யாண வீட்டுக் களைதான்.

இதையெல்லாம்விட எங்கள் கூட்டத்தின் பெருமை என்று நான் நினைப்பது ஒரு கேசட்.

சிங்கப்பூரில் இருக்கிற அக்கா ஒருவர் மன்னார்குடிப் பக்கம் இருந்த தன் பழைய வீட்டைக் காலி செய்தபோது, பரணில் ஓர் அறுபது நிமிஷக் கேசட் கிடைத்தது. மேலே பச்சை மசியில் "கல்யாணம், ஆவணி 1984" என்று மட்டும் எழுதியிருந்தது. நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தது. அத்தானுக்கு அதைக் கூரியரில் அனுப்பினார். கும்பகோணத்தில் டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கிறவர் ஒருவர் இன்னும் கடை வைத்திருக்கிறார். அவர் இரண்டு நாள் உட்கார்ந்து, பஞ்சை நனைத்து, நாடாவை முழம் முழமாகத் துடைத்து ஓட வைத்தார். பாதிக்கு மேல் கல்யாண வீட்டுச் சத்தம். "சந்தனக் கிண்ணம் எங்கே?" என்று யாரோ கத்துகிறார்கள். ஒரு குழந்தை ஓயாமல் அழுகிறது. எச்சில் இலை எடுக்கச் சொல்கிற ஒரு குரல். நடுவில் இருபத்திரண்டு நிமிஷம் நாயனம்.

அந்த இருபத்திரண்டு நிமிஷத்தைக் கேட்டுவிட்டு நாங்கள் திக்குமுக்காடிப்போனோம். யார் இவர்? இப்படி வாசிக்கிற ஒருவர் பெயர் தெரியாமல் எப்படிப் போனார்? ராகத்திலேயே சண்டை தொடங்கியது. பைரவி என்றார் ஒருவர். முகாரி என்றார் இன்னொருவர். நான் மூன்று நாள் பைரவி கட்சியில் இருந்தேன். ஐயா எல்லாவற்றையும் படித்துவிட்டு நாலாவது நாள் எழுதினார்: "உசேனி. ஏழாவது நிமிஷத்துல அந்த மேல் பிடியைக் கேளுங்க. பைரவி அந்த வழியாப் போகவே போகாது." கேட்டோம். ஏழாவது நிமிஷத்தில் கதவு திறந்துகொண்டது. அக்காள் தங்கைகள் மாதிரி முக ஜாடை ஒன்றாக இருக்கிற ராகங்கள் இவை. உசேனி இன்னார் என்று எனக்கு அடையாளம் தெரிந்தது அந்த நாளில்தான். இப்போது தெருவில் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

வாசித்தவர் யார் என்று தெரிய எட்டு மாதம் ஆயிற்று. திருவாரூர்ப் பக்கத்துத் தவில்காரர் ஒருவரைக் குழுவில் புதிதாகச் சேர்த்தோம். அவர் நாயனத்தை விட்டுவிட்டுத் தவிலைக் கேட்டார். கடைசித் தீர்மானம் வந்த இடத்தில், "இது எங்க வாத்தியார் வீட்டுத் தீர்மானம். வெளியில யாருக்கும் இது கிடையாது" என்றார். வாத்தியார் அந்தக் காலத்தில் யாருக்கெல்லாம் வாசித்தார் என்று விசாரித்துப் பார்த்ததில் இரண்டு பெயர் மிஞ்சியது. அதில் ஒருவருடைய மகள் பக்கத்துக் கிராமத்தில் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறார். தவில்காரர் கைபேசியை எடுத்துக்கொண்டு மொபெட்டில் அங்கே போய்விட்டார்.

அந்த அம்மா அடுப்படியில் நின்றபடியே கேட்டாராம். முதல் பத்து நிமிஷம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்பா 1991-இல் தவறிவிட்டார். வீட்டில் அவருடைய போட்டோ ஒன்று இருக்கிறது, குரலோ வாசிப்போ எதுவும் இல்லை. சின்ன வயதில் கேட்டது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று தயங்கியிருக்கிறார். பதினாலாவது நிமிஷத்தில் நாயனம் நிற்கிறது. வாசிக்கிறவர் சீவாளியை எடுத்துவிட்டு இரண்டு தடவை இருமுகிறார். அங்கே அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "எங்க அப்பாதான். இது எங்க அப்பா இருமல்."

இரைச்சலையும் இருமலையும் எடுத்துவிட்டு வாசிப்பை மட்டும் தனியே தெளிவாக்கலாம் என்று அத்தான் அப்போது வேலை செய்துகொண்டிருந்தார். அந்த அம்மா சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: "அந்த இருமலை மட்டும் எடுத்துடாதீங்க தம்பி." எடுக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தையும் எடுக்கவில்லை. குழந்தை அழுகையும் அப்படியே இருக்கிறது. அந்த வித்துவானின் பெயரை இங்கே எழுத அவர் வீட்டாரிடம் நான் அனுமதி கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. எங்கள் அறுபது பேருக்கும் அந்தப் பெயர் தெரியும். வருஷா வருஷம் ஆவணியில் எல்லோரும் ஒரே இரவில் அந்த உசேனியைக் கேட்கிறோம், அவரவர் ஊரில், அவரவர் நேரத்தில்.

குழு எனக்குத் தந்த இன்னொரு வரம், நேரில் கேட்கிற காது. போன தை மாதம் துறையூரில் ஒரு கல்யாணம். முந்தின நாள் மாலை வரவேற்பு. மண்டபத்தில் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. ஓர் ஓரத்தில் நாயனம் இரண்டு பேர், தவில் இரண்டு பேர், சுருதிப்பெட்டி, தாளம். ஒலிபெருக்கி ஓய்ந்த சமயம் பார்த்து நான் அவர்கள் எதிரில் ஜமுக்காளத்தில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். "அண்ணே, ஒரு உசேனி கேக்கலாமா?" என்றேன்.

பெரிய நாயனக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். நாயனத்தில் தொங்குகிற சீவாளிக் கொத்திலிருந்து ஒன்றை எடுத்து நனைத்தார், பிடிக்கவில்லை, இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதுதான் மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டு நிமிஷம் வாசித்தார். மைக் இல்லாத நாயனத்தை நாலடி தூரத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? காது மட்டும் கேட்பதில்லை. தரை அதிர்கிறது, விலா எலும்பு கேட்கிறது. அவர் கன்னம் உப்புவதும், விரல் துளையைப் பாதி மூடி நழுவுவதும், அந்த நழுவலில் சுரம் வளைவதும் கண்ணெதிரே தெரிகிறது. இத்தனை நாள் பதிவுகளில் நான் கேட்ட வளைவுகள் எப்படிப் பிறக்கின்றன என்று அன்றுதான் பார்த்தேன். மூன்று சிறுவர்கள் விளையாட்டை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மணப்பெண்ணின் பாட்டியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள்.

முடிந்ததும் அவர் கேட்டார்: "யார்கிட்ட பாடம்?"

"பாடம் இல்லண்ணே. கேக்கிறவன்."

"காலைல முகூர்த்தம் ஆறு மணிக்கு. அஞ்சுக்கே வந்துடுங்க. பூபாளம் வாசிக்கிறேன்."

போனேன். இருட்டில், பனியில், சமையல்கட்டில் காபி கொதிக்கிற வாசனைக்கு நடுவில் பூபாளம் கேட்டேன். அவர் சம்மதத்தோடு பதிவு செய்து, "இரண்டாவது நிமிஷம், சேவல் கூவுகிற இடம். அவர் அதற்காக நிறுத்திக்கொள்வதைக் கேளுங்கள்" என்று எழுதி அனுப்பினேன். டொரொண்டோவில் அப்போது முந்தின நாள் மாலை. அண்ணா வேலையிலிருந்து வீடு திரும்பும் ரயிலில் கேட்டாராம். ஐயா எழுதியது இரண்டே சொல்: "பெயர் என்ன?" அந்த நாயனக்காரரின் பெயரையும் ஊரையும் எண்ணையும் கொடுத்தேன். அடுத்த மாதம் ஐயா வீட்டுப் பேத்தி கல்யாணத்துக்கு அவர்தான் வாசித்தார்.

இதைப் படிக்கிற உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். இன்று இரவு வேலையெல்லாம் முடிந்த பிறகு, ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தேடி எடுத்து ஒரு தடவை கேளுங்கள். எங்கே பிடித்தது என்று ஒரு வரி எழுதி, உங்களுக்கு வேண்டிய ஒருவருக்கு அனுப்புங்கள். வருகிற முகூர்த்தத்தில் நீங்கள் போகிற கல்யாணத்தில், பந்திக்குப் போவதற்கு முன்னால் பத்து நிமிஷம் நாயனக்காரர்கள் எதிரில் போய் உட்காருங்கள். ராகத்தின் பெயர் ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "அண்ணே, தோடி வாசிங்க" என்று கேளுங்கள். வாசிப்பார்கள்.